கொதித்தும் போகாத விஷம்

எண்ணூர் முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து குழம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன கோடையில் ஒருநாள் தண்ணீர் செம்மண் கரைத்தாற்போலக் கிடந்தது. பரிசோதனைக்காகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண், "அக்கா, இது விஷப்பாசி மாதிரி இருக்கு. ரிசல்ட் வர்ற வரைக்கும் மட்டி எடுக்காதீங்க" என்றாள்.

"கொதிக்க வெச்சா எல்லா விஷமும் பூடும்மா. நாங்க இன்னா, இன்னிக்கா துன்றோம்?" என்று சிரித்தேன்.

ஓடெல்லாம் வாய் திறக்கும்வரை வேகவைத்தேன். அந்தச் சாற்றில் மிளகு போட்டு, சளியால் அவதிப்பட்ட நாத்தனாருக்கு ஒரு சொம்பு கொடுத்தேன். அரை மணி நேரத்தில், "அண்ணி, உதடு மரத்துப்போன மாதிரி கீது" என்றாள். பேச்சு குழறியது. ஆட்டோவிலேயே மூச்சு திணறியது. ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை. குழம்பு அடுப்பிலேயே இருந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

பாசியின் விஷம் மட்டிக்குள் சேர்ந்துவிடும், கொதித்தாலும் போகாது, சாற்றிலும் இறங்கும் என்றார் டாக்டர்.

இப்போது அந்தப் பெண் வந்தால் நானே இறங்கித் தண்ணீர் மொண்டு தருகிறேன். அவள் சொல்லும்வரை மட்டியைத் தொடுவதில்லை. யாராவது "கொதிக்க வெச்சா பூடும்" என்றால் சண்டைக்கே போய்விடுகிறேன். "ஆறிடப் போவுது, சூடாவே குடிச்சிடு" என்று சொம்பை நீட்டியவள் நான்தானே.