என் சேவையகத்தின் கதவைத் தட்டியவர்

1. நேற்று ஒருவர் என் சேவையகத்துக்குள் களவாக நுழையப் பார்த்தார்.
2. அவர் என் நண்பர் நசீர்.
3. அதனால் இன்று காலை அவரது கணக்கை அழித்தேன்.

மூலநிரலிலிருந்து நானே கட்டிய இயங்குதளத்தில், எங்கள் வாசிகசாலைக்கு ஒரு டைரக்டரி சர்வர் அமைத்திருக்கிறேன். அங்கத்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. என்னை நம்பித் தந்தவை.

நேற்று மாலை மூன்று தரம் பிழையான கடவுச்சொல் என்று பதிவேடு காட்டியது. அந்நேரம் நான் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கணினிக்கு முன்னால் நசீர் மட்டும்.

பிறகு மூதூர் பஸ்ஸுக்கு நின்ற நசீரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“ஓம், நான்தான்,” என்றார் கூசாமல்.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போன கிழமை நான் கொடுத்த, சேவையகத்தைப் பரிசோதிக்கும் பட்டியல். ஏழாவது வரி, என் கையெழுத்தில்: ‘வேறொருவர் பிழையான கடவுச்சொல்லை மூன்று தரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.’

“உள்ளுக்கு விடயில்லை, நல்ல கதவுதான் மாஸ்டர். கள்ளனையும் நீங்களே அனுப்பிப்போட்டு, பொலிசையும் நீங்களே கூப்பிடுறீங்கள்!”

பஸ் வந்துவிட்டது. கணக்கை அழித்ததைச் சொல்லத் துணிவில்லை.

நசீர், அதைத் திரும்பத் திறந்துவிட்டேன். புதுக் கடவுச்சொல்லைத் தயவுசெய்து கீழே பின்னூட்டத்தில் எழுதிவிடாதீர்கள். மற்றவர்கள் என்னை ஏசி எழுதலாம்.

மேலேயுள்ள முதலாவது குறிப்பு பிழை.