கிளட்ச் மிதியில் இரண்டு விரல்

“பார்வை வட்டம் சுருங்கி வருகிறது. வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.”

கண் மருத்துவர் அண்ணனுக்குக் கொடுத்த சீட்டில் இப்படி இருக்கிறது. அக்டோபர் தேதி, மழை தொடங்கிய வாரம். அண்ணிதான் உரக்க வாசித்தார். “தவிர்க்கத்தானே சொல்லியிருக்கான், கூடவே கூடாதுன்னு எழுதலியே” என்றார் அண்ணன்.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிக்குத் திரும்பியபோது அவர் கப்பலில் கொண்டுவந்தது அந்தப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் பின்பக்கம். கிளட்ச் கேபிள் மிதியிலிருந்து காரின் நீளம் முழுக்க ஓட வேண்டும். உப்புக் காற்றில் அது துருப்பிடித்து அறுந்ததிலிருந்து கார் ஷெட்டிலேயே நின்றது. கண் முழுதாகப் போவதற்குள் அண்ணியை அதில் உட்காரவைத்து ஒருமுறை காரைக்கால் கடற்கரை வரை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அத்தனை நீளக் கேபிள் கடையில் கிடைக்கவில்லை. திருவேட்டக்குடியில் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக், படகில் போடும் கம்பி ஒயரை அளந்து வெட்டிக் கொண்டுவந்தார். டிசம்பர் முதல் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் மாட்டினோம். அவர் காருக்கு அடியில் படுத்து, கேபிள் முனையிலிருந்த நட்டைத் திருகிக்கொண்டே போனார்.

“கொஞ்சம் லூஸ் வேணாமா?” என்றேன்.

“லூஸ் வுட்டா கடல்ல அலை நம்மளத் தூக்கிப் போட்டுடும்ங்க.”

“இவரு காரு ஓட்டப் போறாரா, மீன் புடிக்கப் போறாரா?” என்றார் அண்ணி.

மெக்கானிக் சிரித்தார். “புத்தகத்துல என்னண்ணே போட்டிருக்கு?”

காரோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருந்தது. எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அண்ணன் மட்டும். பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், வெகுநேரம் பார்த்தார்.

“நீ வச்சதுதான் சரி” என்றார்.

கார் கிளம்பியது. அண்ணி பட்டுப்புடவையில் இருந்தார். நானும் மெக்கானிக்கும் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். ஊரைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. காரைக்காலுக்குள் நுழையும் முன்பே இன்ஜின் அலறியது; கார் நகரவில்லை.

“ஓரமாத் தள்ளுங்க பெருசு, பஸ்ஸு நிக்கிது!” என்று கண்டக்டர் கத்தினார். அண்ணன் ஸ்டியரிங்கை விடவில்லை. அண்ணி இறங்கி, எங்களோடு சேர்ந்து தள்ளினார்.

கேபிள் இழுத்தபடியே இருந்ததால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசி, பிளேட் எரிந்துவிட்டது. அந்தப் பிளேட்டை இப்போது யாரும் செய்வதில்லை என்று பிரான்சிலிருந்து பதில் வந்தது. பிப்ரவரியில், சாம்பல் புதனன்று அண்ணனைக் கைபிடித்துத்தான் கோயிலுக்கு நடத்திப் போனேன்.

பிறகு, பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மிதியில் ஏறக்குறைய இரண்டு விரல் அளவுக்கு லூஸ் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறதாம். அண்ணன் சில நாள் ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்து அந்த மிதியை மிதித்துப் பார்க்கிறார். அன்று அவரால் அந்த வரியைப் படிக்க முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுதிப்படாத தகவல்.