குளம் வேண்டாத தவளை

அம்மா இறந்த பிறகு, அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் பேச்சுக்குரல் இல்லை. கண்டியில் வேலை முடிந்து வந்து கேத்தலை அடுப்பில் வைத்தால், மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும்வரை வாயைத் திறக்கத் தேவை இராது. இருட்டத் தொடங்கும்போது குசினி ஜன்னலுக்குப் பின்னால் உள்ள சரிவிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். இரண்டு கூழாங்கற்களை மெதுவாகத் தட்டுவதுபோல. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். சில நாட்களில் என்னை அறியாமலே "ம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அதைப் பூச்சி என்றுதான் நாட்குறிப்பில் எழுதிவந்தேன். ஒரு மழைக்காலத்தில் சரிவைப் பார்க்க வந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அந்தச் சத்தம் இதனுடையதுதான் என்று நனைந்த இலையொன்றை என்னிடம் நீட்டினாள். அதன்மேல் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, பழுப்பு நிறத் தவளை உட்கார்ந்திருந்தது. இந்த மலைப்பக்கத்தை விட்டால் வேறெங்கும் இல்லாத இனம், இங்கும் அருகிவிட்டது என்றாள். அது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நிழலுள்ள ஈரமண்ணைக் கிளறி, முட்டையிட்டு, மண்ணாலேயே மூடிவிடும். வாலோடு நீந்தும் குஞ்சுப் பருவமே அதற்குக் கிடையாது; மண்ணுக்குள்ளிருந்து முழுத் தவளையாக வெளியே வரும்.

"மரநிழலும் இலைச்சருகும் இருந்தா சரி மிஸ். யாரும் கிளறாம விட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அவள் வரவில்லை.

சரிவு உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான நிலம். அதை வெட்டி வாகனத் தரிப்பிடம் அமைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரு மகஜர் எழுதினேன். கையெழுத்துக் கேட்டுப் போன வீடுகளில் தேநீர் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் சிலரே. பொதுமக்கள் சந்திப்பு நாளன்று லீவு போட்டு, மஹய்யாவவில் இருந்த பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன்.

காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா. லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டு வந்திருந்தார்.

"நீங்க என்னா விசயமா வந்தீங்க?"

"ஒரு தவளையைக் காப்பாத்தச் சொல்லி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தவளையா? எங்க லயத்துக்கு வாங்க. மழை பேஞ்சா அடுப்படிக்கே வருது. வேணுங்கிறதப் புடிச்சிட்டுப் போங்க."

வாங்கு முழுவதும் சிரித்தது. எதிரே இருந்த ஒருவர், "அதுக்கும் வீட்டுத்திட்டம் கேக்குறாங்க போல. மொதல்ல வாக்காளர் இடாப்புல பேரு இருக்கான்னு பாருங்க" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ஒழுகும் கூரைக்குப் பக்கத்தில் தவளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கூச்சமாகத்தான் இருந்தது.

உறுப்பினர் மரியாதையாகக் கேட்டார். தரிப்பிடத்தை நிறுத்தவேண்டும், அந்த இனத்தையும் அந்தச் சரிவையும் பெயர் சொல்லிச் சட்டத்தால் பாதுகாக்கப் பாராளுமன்றத்தில் பேசவேண்டும் என்றேன்.

"சட்டம்னா நாளெடுக்கும் மிஸ். தரிப்பிடத்த நிப்பாட்டிடலாம். நம்ம பன்முகப்படுத்தப்பட்ட நிதியில அந்த எடத்துல ஒரு குளம் கட்டித் தாறோம். தவளைக்குக் குளம்."

"இந்தத் தவளைக்குக் குளம் வேண்டாம் சேர். ரெண்டாம் பக்கத்துல அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன்."

"தண்ணி வேணாத தவளையா?" என்று பக்கத்தில் நின்ற இணைப்புச் செயலாளர் சிரித்தார். "குளம்னா தெறந்து வைக்கலாம் மிஸ். சட்டத்த எப்புடித் தெறந்து வைக்கிறது?"

அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேச்சுக்குச் சொன்னார்கள் என்று நினைத்தேன். சில மாதங்களில் சரிவில் குளத்துக்கு அளந்து அடித்த, சிவப்பு மை பூசிய முளைகள் நின்றன. மறுபடி ஓடினேன். உறுப்பினர் கொழும்பில் இருந்தார். "வேணும்னு வந்ததும் நீங்கதான், வேணாங்கிறதும் நீங்கதான். நாங்க என்னா செய்யிறது?" என்றார் இணைப்புச் செயலாளர். அவருடைய குரலில் கோபமில்லை, உண்மையான குழப்பம் இருந்தது.

பெக்கோ இயந்திரம் வந்தது. மரங்களை வெட்டினார்கள். கறுத்த மேல்மண்ணைச் சருகோடு லொறியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மண்ணில் முட்டைகள் இருந்திருக்கும். கொங்கிரீட் கரை, இரண்டு இருக்கைகள், நடுவில் பச்சை வர்ணம் பூசிய சீமெந்துத் தவளை. திறப்பு விழாவில் முன்வீட்டு ஐயா எனக்குப் பாற்சோற்றுத் துண்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "எல்லாம் உங்களாலதான் மிஸ்" என்றார். அவர் மனதாரச் சொன்னதால் வாங்கிச் சாப்பிட்டேன்.

குளத்துக்குப் பெரிய தேரைகள் வந்து மாலையெல்லாம் கத்தின. கூழாங்கல் சத்தம் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். தேநீர் ஆறிவிடும். வேலைக்குப் போகிற வழியில் இப்போது பலர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், குளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தால்தான் முன்னெப்போதையும்விட அமைதி.

பிறகு ஒரு மழைநாள் மாலை, சரிவின் மேல்மூலையில், இயந்திரம் ஏறமுடியாமல் விட்ட மதிலோரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஒரேயொரு தவளை. நிறுத்தி, மறுபடியும். அதற்குப் பதில் குரல் எங்கிருந்தும் வரவில்லை. நான் சத்தமாகவே "ம்" என்றேன்.

அந்த மூலையையும் துப்புரவாக்கி நடைபாதையும் விளக்கும் போடப் போகிறார்களாம். அதனால் இன்னொரு மகஜர் எழுதினேன். இந்தத் தடவை ஒரு பக்கம்தான். சட்டம் இயற்றுகிறவர்களிடம் எதையும் கட்டித்தரச் சொல்லி அதில் கேட்கவில்லை. இந்த மண்ணைக் கிளறக்கூடாது, இந்த நிழலை வெட்டக்கூடாது என்று சட்டத்தில் எழுதிவைத்தால் போதும். அடுத்து வருகிறவரும் அன்போடு ஏதாவது கட்ட நினைக்கலாம். அவரைத் தடுக்கவும் அந்த எழுத்து வேண்டும்.

மஹய்யாவவில் அதே வாங்கில் அதே அம்மா இருந்தார். பையை மடிக்கு எடுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

"வாங்க தவளை மிஸ். ஒங்களுக்கும் இன்னும் கெடைக்கலியா?"

"கிடைச்சிருச்சு. அதனாலதான் வந்திருக்கேன். உங்களுக்குத் தகரம்?"

"தகரம் குடுத்தாங்க. அதப் போடுறதுக்கு மரம் குடுக்கல. கட்டிலுக்கடியில கெடக்கு." கொஞ்ச நேரம் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுல என்னா கேட்டிருக்கீங்க?"

"ஒன்னும் செய்யாம விடச் சொல்லி."

"அதுக்கா வரிசையில நிக்கிறீங்க?" என்று சிரித்தார். பிறகு கதவுப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, என் முழங்கையைத் தட்டினார். "அப்ப எனக்கு முன்னால போங்க. ஒங்களது சுருக்கா முடிஞ்சிரும்."

இன்னும் முடியவில்லை.