யாக்கோபு செய்யாத முகம்

காரங்காட்டில் எதற்கும் உதவாத மனிதர்களின் பட்டியல் ஒன்று உண்டு. எழுத்தில் இல்லை, எல்லோர் மனதிலும் இருந்தது. அதில் முதலிடம் யாக்கோபுக்கு. குடித்துவிட்டு வலைக்கூடத்தில் உருண்டு கிடப்பவர்களுக்குக்கூட அடுத்த இடம்தான். அவர்கள் தெளிந்தால் ஏதாவது வேலைக்கு ஆவார்கள் என்ற நம்பிக்கை ஊருக்கு இருந்தது. யாக்கோபோ முழுத் தெளிவோடு உட்கார்ந்து சேற்றைப் பிசைகிறவர்.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து நாள் மகன் ஜெனிஷோடு நண்டு வலைக்குப் போவார். சனிக்கிழமை, அலையாத்திக் காடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை வனத்துறைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். ஞாயிறு கோயில். இவற்றுக்கு நடுவில் சிக்கும் கால் மணி, அரை மணியில்தான் குற்றம் நடக்கும். உப்பங்கழியோரத்தில் குந்தி, கறுத்த சேற்றை அள்ளி, ஊரில் யாராவது ஒருவரின் முகத்தைச் செய்துவிடுவார். யாரும் கேட்டதில்லை. யாருக்கும் கொடுத்ததுமில்லை. கடல் ஏற்றம் வந்ததும் தண்ணீர் முகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

“எதுக்குய்யா இது?” என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்.

“கை சும்மா கெடந்தா அன்னைக்கு வீட்டுல சண்டை வருது.”

ஒருமுறை ஊர்த் தலைவர் ஆன்டனி ராஜின் முகத்தை வாய் திறந்தபடி செய்து வைத்தார். மூடிய நிலையில் அந்த வாயை அவர் பார்த்ததே இல்லை. செய்தி போய், தலைவர் கமிட்டியில் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏலே யாக்கோபு, ஊர்த் தலைவனச் சேத்துல செஞ்சு வச்சிருக்கியாமே?”

“ஒங்களன்னு யாரு சொன்னா தலைவரே? பேரு ஒண்ணும் எழுதலையே.”

தலைவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, “மூக்க மட்டும் கொஞ்சம் கொறச்சு விட்ரு” என்றார்.

ஊரில் அவர் செய்யாத முகம் ஒன்றுதான், ஜெனிஷுடையது. அதற்கு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இயற்றியவர் மனைவி ஜோதிமேரி. ஜெனிஷ் நாலு வயதில் காய்ச்சலாய்க் கிடந்தபோது, பக்கத்தில் இருந்தபடியே அவன் முகத்தை யாக்கோபு மண்ணில் பிடிக்கத் தொடங்கினார். ஜோதிமேரி அதைப் பிடுங்கிக் கழியில் வீசினாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. சட்டம் நிரூபணமாயிற்று.

“ஊரைச் செய்ங்க, ஒலகத்தையே செய்ங்க. எம் புள்ளைய மட்டும் மண்ணாக்குனீக, இந்த வீட்டுல சோறு கெடையாது.”

இருபது வருடம் யாக்கோபு அந்தச் சட்டத்தை மீறவில்லை.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அவர் வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு நாரைகளைக் காட்டிக்கொண்டிருந்த நேரம், முந்தின நாள் போட்ட வலையை எடுக்க ஜெனிஷ் தனியாகப் போனான். அரை மணி நேரம் அடித்த காற்றுதான். படகு கவிழ்ந்த நிலையில் அன்றே கிடைத்தது. ஜெனிஷ் பதினோரு நாள் கழித்து வடக்கே ஒரு கரையில் ஒதுங்கினான். கழுத்துச் செபமாலையை வைத்து அடையாளம் சொன்னார்கள். பெட்டி மூடியே வந்தது. திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் நல்லவர்கள். மூடிய பெட்டியையே முத்தமிட்டு அடக்கம் செய்தார்கள்.

துக்கத்தில் ஊர் பின்வாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாளே முச்சந்தியில் பத்தடி உயரக் கண்ணீர் அஞ்சலி பேனர் எழுந்தது. ஆன்டனி ராஜின் உபயம். கீழே அவரே கைகூப்பி, இறந்தவனைவிடச் சற்றுப் பெரிதாக நின்றார். மேலே ஜெனிஷ் கோட்டும் டையுமாக, பின்னால் பனிமலை, முன்னால் ரோஜாப்பூ. செல்போன் அவனோடு கடலில் போய்விட்டதால் கூட்டாளி ஒருவன் வைத்திருந்த படத்தை எடுத்திருந்தார்கள். முகத்தை வெளுக்கவைத்து, கன்னத்தை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கும் ரகப் படம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்திருந்தார்.

ஜோதிமேரி பேனருக்குக் கீழே போய் நின்றாள்.

“யாரு இது?”

“நம்ம ஜெனிஷுதான் மதினி” என்றார் தலைவர்.

“எம் புள்ள கறுப்பு. இது யாரு வீட்டு மாப்பிள்ளையோ. அவுக வீட்டுல தேடப்போறாக, கொண்டுபோய்க் குடுத்துருங்க.”

வீட்டில் மிச்சமிருந்த படம் ஆதார் அட்டையில் இருந்ததுதான். அதிலிருப்பது நான் இல்லை என்று ஜெனிஷே உயிரோடு இருக்கையில் பலமுறை வாதாடியிருக்கிறான். முப்பதாம் நாள் பூசைக்குப் பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு அதில் படம் வைக்க வேண்டும். ஜோதிமேரி எந்தப் படத்துக்கும் சம்மதிக்கவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கண்ணை மூடினால் அவளுக்கும் அந்தக் கோட்டுப் போட்ட பையன்தான் வந்தான்.

பதினைந்தாம் நாள் அவளே ஒரு வாளிச் சேற்றைக் கொண்டுவந்து யாக்கோபின் முன் வைத்தாள்.

“செய்ங்க.”

அவர் செய்தார். முதலில் வந்தது அவருடைய தம்பி முகம். அடுத்தது, அவரே வெட்கப்படும்படி, பேனர் முகம். அழித்துவிட்டு மறுபடி செய்தார். ஜோதிமேரி எட்டிப் பார்த்து, “இது நீங்க” என்று சொல்லிவிட்டு நண்டு உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். கடலுக்குப் போகாமல் ஒன்பது நாள் உட்கார்ந்தார். போகிற வருகிற யாரைக் காட்டினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும் விரல்கள் அந்த ஒரு முகத்தின் முன் கட்டை விறகாகக் கிடந்தன.

“ஆன்டனி ராசு மூக்குல எத்தன மயிரு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். பெத்த புள்ள மூஞ்சி தெரியல.”

ஜோதிமேரி சொன்னது உண்மை. வீட்டில் ஜெனிஷின் முகம் எப்போதும் செல்போனுக்குள் கவிழ்ந்திருக்கும். கடலில் அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்து உட்காருவார். மகன் அணியத்தில், படகின் மூக்கில், முன்பக்கம் பார்த்து நின்று வலை இழுப்பான். எட்டு வருடம் விடியலிலிருந்து உச்சிவரை அப்படித்தான். பேசினால் திரும்பாமலே பேசுவான். சோற்றுத் தூக்கைக்கூடக் கையைப் பின்னால் நீட்டித்தான் வாங்குவான்.

யாக்கோபு சேற்றில் கையை வைத்தார். இந்தத் தடவை முகத்தை நினைக்கவில்லை.

சாயங்காலம் ஜோதிமேரி நண்டு நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஒரு முதுகு இருந்தது. பின்தலை, விரிந்த காது, வலை இழுத்து இழுத்து ஏறிப்போன வலது தோள், முதுகுத்தண்டில் ஒருபக்கமாக ஒதுங்கிய எலும்பு முடிச்சுகள். முன்பக்கம் வெறும் மண்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிடரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இந்த எலும்பு இப்பிடித்தான் துருத்திக்கிட்டு நிக்கும். எண்ண தேய்க்கையில கையில தட்டும்” என்றாள். “முப்பது நாளைக்கு அப்பறம் இப்பத்தான் வாரான்.”

இன்னும் முப்பது ஆகவில்லை, இருபத்தைந்துதான் என்று யாக்கோபு திருத்தவில்லை.

கோயிலில் சிக்கல் எழுந்தது. முகமில்லாத உருவத்தை மேசையில் வைக்கலாமா என்று கமிட்டி இரண்டு மணி நேரம் கூடிப் பேசியது.

“சாமிக்கு முன்னாடி முதுகக் காட்டலாமா?” என்றார் ஆன்டனி ராஜ்.

“சாமிக்கு எதுக்குக் காட்டணும்? பீடத்தப் பாத்து வைங்க” என்றாள் ஜோதிமேரி. “பூச பாக்க வாரவன் அப்பிடித்தான உக்காருவான்? ஒங்க முதுகத்தான நான் வாராவாரம் பாக்குறேன்.”

இதற்கு எதிராக எந்த விதியும் கமிட்டியின் நினைவுக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் கோயில் நிறைந்திருந்தது. வெடிக்காமலிருக்க அதுவரை ஈரச் சாக்கில் பொதிந்து வைத்திருந்த உருவம் மேசையில் இருந்தது; மின்விசிறி நேராக அதன் மேல் சுழன்றது. கழிச் சேறு காயக் காய உப்புக் கக்கும். பங்குச் சாமியார் வேத வாசகத்துக்கு வரும்போது ஜெனிஷின் தோளிலும் முதுகுக் குழியிலும் வெள்ளையாக உப்புப் பூக்கத் தொடங்கியது, கடலிலிருந்து வெயிலில் திரும்புகிறவனுக்குப் பூப்பது போலவே. முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜோதிமேரி எழுந்து போனாள். முந்தானையைச் சுருட்டி அவன் தோளைத் துடைத்தாள். உப்பு மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தாள். உள்ளே ஈரம் காயாத மண் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“விடு ஆத்தா. அது வந்துக்கிட்டேதான் இருக்கும்” என்றார் யாக்கோபு, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவள் விடவில்லை. சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.