எல்லையை நடந்து பார்க்கிற லோயர்

ராசையா அண்ணனை உட்கார்ந்த கதிரையோடு தூக்கிப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்டியில் மஹய்யாவவுக்கு மேலே இருக்கிற அந்த வீட்டுக்கு வண்டி போகாது, படிக்கட்டுதான். மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசன். இரண்டு முழங்காலும் போய்விட்டன. கிளினிக் நாள் வந்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் கதிரைக் காலைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

"பெரியசாமி, என்னையச் சாமி ஊர்வலம் மாதிரி கொண்டுபோறானுங்க பாத்தியா? சீக்கிரம் வீட்ட வித்துக் குடுப்பா. மழை பேஞ்சு இவனுங்க வழுக்குனா, நான் கிளினிக்குக்குப் போகமாட்டேன், நேரா மேலதான்."

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றார் பின்னால் மருந்துப் பையோடு இறங்கிய சிவபாக்கியம் அக்கா, அவருடைய சம்சாரம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்கு நான் ஏற்கெனவே இரண்டு பார்ட்டியைக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு பேரையும் அக்கா கடைசி நேரத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. மாத்தளையில் மகள் வீடு தரைமட்டத்தில், ரோட்டோரமாக இருக்கிறது. இதை விற்றால் அந்த வீட்டோடு ஒரு அறை கட்டிக்கொண்டு போய்விடலாம். விற்காவிட்டால் அண்ணன் அந்தப் படிக்கட்டின் உச்சியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எழுதுகிறவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடி, கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அங்கிருந்து வீடு புரோக்கராக வந்தவன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பேரைச் சொன்னால், ஆட்டோக்காரன் இன்னொரு கேள்வி கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து விடுவான். சும்மா சொல்லவில்லை, போய்ச் சொல்லிப் பாருங்கள். வீடு வாங்க, விற்க நினைக்கிற பிள்ளைகள் லோயரை எப்படித் தெரிவு செய்வது என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. கொழும்பு லோயர்

மூன்றாவதாக நான் பிடித்த பார்ட்டி ரிஸ்வானும் பர்சானாவும். தம்பிக்கு டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை. பர்சானா டீச்சர். கல்யாணம் முடித்ததிலிருந்து வாடகை வீடு. இந்த வீட்டின் முன்வாசலில் நின்று டவுனைப் பார்த்ததுமே பர்சானாவுக்குப் பிடித்துவிட்டது. முகத்தைப் பார்த்தே விலை படியும் என்று சொல்லக்கூடியவன் நான். படிந்தது.

நம் பக்கத்தில் வாங்குகிற ஆள்தான் லோயரைப் பிடிப்பது வழக்கம். ரிஸ்வான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணன், மச்சான் கொழும்பில ஒரு லோயரைச் சொன்னார். பெரிய ஆளாம். பிளானையும் பழைய உறுதிப் பத்திரத்தையும் வாட்ஸ்அப்பில அனுப்பினாப் போதுமாம். அவர் இங்க வரத் தேவல்லயாம்."

"தம்பி, வரத் தேவல்லன்னு சொல்ற லோயர் நமக்குத் தேவல்ல."

பர்சானா சிரித்துவிட்டாள். "அண்ணன் சொல்றதும் சரிதானே. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா கொழும்புக்கா ஓடுற?"

நான் விளக்கினேன். கண்டிக் காணி பிளானில் தட்டையாகப் படுத்திருக்கும், நேரில் போனால் எழுந்து நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஓடுகிற கான் உன் சுவருக்குக் கீழே போகும். உன் படியில் பாதி இன்னொருவன் காணியில் இருக்கும். இதெல்லாம் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அப்புறம் பாஷை. உனக்குத் தெரியாத பாஷையில் எழுதின உறுதியில் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்து வைக்காதே. புரோக்கர் காட்டுகிற லோயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, நானே காட்டினாலும் சரி. நீயே போய் முன்னால் உட்கார்ந்து பேசு. உன் கேள்விக்கு உனக்கு விளங்குகிற மாதிரிப் பதில் சொல்கிறாரா என்று பார்.

"யாரிட்ட போற அப்ப?" என்றான் ரிஸ்வான்.

"சுபாஷினி மிஸ்கிட்டப் போங்க. கோர்ட்டுக்குக் கிட்ட ஆபீஸ். தமிழிலயே உறுதி எழுதுவாங்க. போய்ப் பேசுங்க. புடிக்கலன்னா உங்க கொழும்புக்காரரு இருக்காரு."

போய்ப் பேசினார்கள். திரும்பி வந்த பர்சானா சொன்னாள்: "நாங்க அவங்களை இன்டர்வியூ பண்ணப் போனம் அண்ணன். அவங்க எங்களைப் பண்ணி அனுப்பிட்டாங்க. மாடி கட்டுவீங்களா, யாரு யாரு வந்து இருப்பாங்க, எல்லாம் கேட்டாங்க."

அப்போதே எனக்குத் தெரியும், வேலை சரியான கைக்குப் போய்விட்டது.

2. எல்லை நடை

சுபாஷினி மிஸ்ஸிடம் ஒரு பழக்கம் உண்டு. காணிப் பதிவகத்தில் சர்ச் பண்ணி, எல்லாம் கிளியர் என்று தெரிந்த பிறகும், இடத்தை நடக்காமல் உறுதி எழுத மாட்டார். காரில் கான்வஸ் சப்பாத்து ஒரு சோடி கிடக்கும். அதை மாட்டிக்கொண்டு, குடையை ஊன்றி, விற்கிற வீட்டுப் பொம்பளையைக் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி வருவார். ஆம்பளைகள் பின்னால்தான் வரலாம்.

"வீட்டுக்காரருக்கு எல்லை தெரியும் பெரியசாமி. வீட்டுக்காரிக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். ராசையா அண்ணன் வாசலில் கதிரையில் இருந்தார். மிஸ்ஸும் அக்காவும் முன்னால், நானும் ரிஸ்வான் தம்பதியும் பின்னால். வடக்கே கான், கிழக்கே பக்கத்து வீட்டு மதில். மிஸ் சொல்லச் சொல்ல அக்கா கையை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கத்து மூலையில் ஒரு செம்பருத்தி. சுற்றிவரப் புல், செடிக்குக் கீழே மட்டும் கூட்டிப் பெருக்கின மண். மிஸ் குறுக்கே போக ஒரு காலை எடுத்தார். அக்கா அவர் கையை எட்டிப் பிடித்தார்.

"அங்க மிதிக்காதீங்க மிஸ்!"

நான் அந்த வீட்டை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அக்கா எங்களை அந்த மூலையைச் சுற்றித்தான் கூட்டிப்போவார். ஏதோ கிழங்கு ஊன்றி வைத்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மிஸ் காலை மெதுவாகப் பின்னால் எடுத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கெல்லாம் முன்னால போய் அண்ணனோட இருங்க" என்றார். ரிஸ்வானும் பர்சானாவும் போனார்கள். நான் சுவர் மூலையோடு நின்றுகொண்டேன். புரோக்கருக்குக் காது வேண்டும்.

அக்கா செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூத்தது மிஸ். பொம்பளப் புள்ள. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல பொறந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. அன்னைக்குக் கொட்டுற மழை. அவருதான் தோண்டி வச்சாரு. நான் வெள்ளிக்கெழமையில ஒரு சொட்டுப் பால் ஊத்துவேன். அவ்வளவுதான்."

"அதுதான் ரெண்டு பேரை வேணான்னு அனுப்பினீங்களா?"

"ஒருத்தன் இந்த மூலையில கோழிக்கூடு கட்டுவேன்னான். மத்தவன் கக்கூசு. நான் எப்பிடிச் சரிங்கிறது? ஆனா அவரு காலு..." அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "இவர இறக்கணும்னா அதை விட்டுட்டுப் போகணும். அதுகூட இருக்கணும்னா இவர் மேலயே கெடக்கணும். எதைன்னு நான் பாப்பேன் மிஸ்?"

மிஸ் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா பக்கத்தில் குந்தினார். அந்த மண்ணுக்கு ஓரமாகப் புல்லிலேயே, நல்ல சேலையோடு.

3. யார் சொல்வது

நான் கிட்டப் போய், "மிஸ், இத இப்போதைக்குச் சொல்லாம விட்டுருவமா? வியாபாரம் முறிஞ்சு போகும்" என்றேன். எந்தப் புரோக்கரும் இதைத்தான் கேட்பான்.

"நான் அந்தப் பிள்ளைங்களோட லோயர், பெரியசாமி. அவங்களுக்குத் தெரியாம ஒரு வரியும் எழுத மாட்டேன்." அக்காவின் முதுகில் கை வைத்தார். "ஆனா இதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க அக்கா. அந்தப் பிள்ளைகிட்ட. வேற யாருகிட்டயும் வேணாம்."

பர்சானாவை மட்டும் கூப்பிட்டோம். அக்கா சொன்னார். மிஸ்ஸிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். பர்சானா செடியைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஒரு பக்கமாக வைத்தாள்.

ரிஸ்வானுக்கு அவள்தான் போய்ச் சொன்னாள். அவன் முகம் மாறிவிட்டது.

"வளவுக்குள்ள கபுரா? எங்கட உம்மா என்ன சொல்லுவாங்க? அந்த மூலையிலதானே நான் தண்ணி டேங்க் வைக்க நெனச்ச."

"டேங்கைக் கூரையில ஏத்துங்க" என்றாள் பர்சானா.

"பேசறது லேசு. ஏத்தறது யாரு?"

"நீங்கதான். கடையில விக்கிற டேங்க் எல்லாம் லேசுன்னு கஸ்டமருக்குச் சொல்றது நீங்கதானே?"

ராசையா அண்ணன் கதிரையில் இருந்து உரக்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் ரிஸ்வானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. தனியாகப் பின்பக்கம் போனான். திரும்பி வந்து மிஸ்ஸிடம் கேட்டான்: "நாங்க அதைத் தொடாம விட்டாப் போதுமா மிஸ்? அவங்க வந்து பாக்கணும்னா?"

"அதை உறுதியிலேயே எழுதலாம்" என்றார் மிஸ். "வீடும் காணியும் முழுக்க உங்களுக்கு. அந்த மூலையில நீங்க ஒண்ணும் கட்ட மாட்டீங்க. இவங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற வரைக்கும், சொல்லிட்டு, பகல்ல வந்து பால் ஊத்திப் பூ வச்சிட்டுப் போகலாம். அது அவங்க உரிமை. உங்க தயவு இல்ல. நாளைக்கு நீங்களும் இவங்களும் சண்டை போட்டுக்கிட்டாலும் அது இருக்கும். போய் வீட்ல யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

அடுத்த நாள் ரிஸ்வானின் உம்மாவே போனில் என்னைக் கூப்பிட்டார். "பச்சப் புள்ளதானே தம்பி. அது எங்களை என்ன செய்யப் போகுது? எழுதச் சொல்லுங்க."

4. கையெழுத்து

கையெழுத்துக்கு மிஸ் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படியேறி வந்தார். அண்ணனை ஆபீசுக்குத் தூக்கிவரச் சொல்லவில்லை. சாட்சிக்கு நானும், எப்போதும் கதிரை தூக்குகிற பக்கத்து வீட்டு முருகேசும். உறுதியை முழுதாக வாசித்து விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். சில பேர் அதை மந்திரம் மாதிரி ஓட்டிவிடுவார்கள். மிஸ் வரிக்கு வரி நிறுத்தினார்.

அந்த இடம் வந்ததும் பேனாவை எடுத்தார்.

"இங்க கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். 'குழந்தையை அடக்கம் செய்த இடம்'னு மட்டும் எழுதவா, இல்ல பேர் ஏதாவது..."

"பேரு இல்ல மிஸ்" என்றார் அக்கா.

"வள்ளி" என்றார் ராசையா அண்ணன்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"வள்ளின்னு எழுதுங்க மிஸ். அன்னைக்கு மண்ணத் தள்ளும்போது ஒருக்காக் கூப்பிட்டேன். பேரு இல்லாம எப்பிடி அனுப்புறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்தப் பேரச் சொல்லிச் சொல்லி அழுவே. நான் எப்பிடி வேலைக்குப் போறது?"

"இத்தன வருசமா நான் பாப்பா பாப்பான்னுதானே கூப்புட்டுக்கிட்டு இருக்கேன், மனுசா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" அக்கா அவர் தோளில் ஒரு அடி போட்டார். அடித்த கையை எடுக்கவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டார்.

முருகேசு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனான். சாட்சி இல்லாமல் கையெழுத்து நடக்காது என்று அவனைப் பிடித்து இழுத்து வந்தது நான்தான். பர்சானா அழுதுகொண்டே சிரித்தாள். மிஸ் பேரை எழுதி, அந்த வரியை முதலிலிருந்து இன்னொரு தடவை சத்தமாக வாசித்தார்.

நான் எத்தனையோ வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் நான் படித்த பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். லோயரின் சர்ட்டிபிகேட்டைப் பார், கட்டணத்தைக் கேள், பதிவை யார் பார்ப்பது என்று கேள். அதெல்லாம் கேட்ட பிறகு, "மிஸ், இடத்தைப் பார்க்கப் படியேறி வருவீங்களா?" என்று கேள். பிளானைப் பார்த்து எழுதுகிறவர் வீட்டை மட்டும்தான் எழுதுவார். அந்த வீட்டில் மனுசர் இருந்தார்கள் என்பது நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். சுபாஷினி மிஸ்ஸைத் தெரிவு செய்து கொடுத்தவன் இந்தப் பெரியசாமி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

டேங்க் இப்போது கூரையில்தான் இருக்கிறது. சிவபாக்கியம் அக்கா மாத்தளையிலிருந்து வரும்போது பர்சானா வாசலிலேயே நிற்பாள். ராசையா அண்ணனும் கூட வருவார். அவரால் படி ஏற முடியாது, ஆட்டோவில் கீழே ரோட்டில் இருப்பார். பால் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார்.

"ஆறிடப் போகுது, வெரசாப் போ" என்று அக்காவிடம் கொடுப்பார்.

பின்வளவில் நின்று அக்கா பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கீழே ரோட்டுக்கும் கேட்கும். அந்தச் சத்தம் வரும் வரை அண்ணன் யாரோடும் பேச மாட்டார். கேட்ட பிறகுதான், "சரி, அவ படி ஏறிட்டா. நம்ம ஒரு பிளேன்டீ குடிப்பம்" என்று ஆட்டோக்காரப் பையனுக்குச் சொல்வார்.