எழுபது நிமிடத் தூரம்

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்கள் இங்கே வந்து ஒரு டிசம்பரைக் கழித்துப் பாருங்கள். எனக்குக் கதை கட்ட வராது. வடதுருவப் பனிக்கடலோரம் எங்கள் இனூயிட் பழங்குடி ஊரின் விமான நிலையத்தில், விமானிகளோடு பேசும் ரேடியோவைப் பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். அடுத்த விமான நிலையம் முந்நூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி. சின்ன விமானத்துக்கு எழுபது நிமிடம். காற்று தள்ளினால் அறுபத்திரண்டு. அதற்குக் குறைவாக யாரும் வந்ததில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான்.

அன்று டிசம்பர் 9. பகல்தான், ஆனால் அந்த மாதம் எங்களுக்குச் சூரியன் கிடையாது. என் தங்கை லீட்டியாவுக்குப் பிரசவ வலி. ரத்தம் நிற்கவில்லை.

"மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள விமானத்துல ஏத்தணும். இல்லன்னா ரெண்டு உயிரும் தங்காது," என்றாள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய விமானம் அந்த அடுத்த ஊரில் நின்றது.

12:50. அங்கே ரேடியோ பார்க்கும் சீலாசி போன் செய்தான்.

"எஞ்சின் இன்னும் சூடாகலக்கா. எப்பக் கிளம்பும்னு தெரியல."

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவரிலிருந்த வரைபடத்தையே பார்த்தேன்.

"நீ மொறச்சுப் பாத்தா தூரம் கொறஞ்சிடுமா? உக்காருக்கா," என்றான் பௌலூசி. ஓடுபாதையில் பனி தள்ளுகிறவன். சொல்லிவிட்டு வெளியே போனான்.

12:58. கர்ர்ர்... ரேடியோ கரகரத்தது.

"அம்மா..."

என்னை அப்படிக் கூப்பிட ஒருவர்தான் இருந்தார். என் மாமா கில்லாக். அவருடைய அம்மாவின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெயரோடு உறவும் வரும். அதனால் அறுபது வயதிலும் அவருக்கு நான் அம்மா. எனக்கு அவர் மகன். அக்டோபரில் கடல்பனி உடைந்து பனிவண்டியோடு கடலுக்குள் போனவர். உடல் கிடைக்கவில்லை.

போனவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்போம். அதுவரை அவர் அலைவார் என்பார்கள். லீட்டியா மட்டும் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புருஷன் வீட்டுப் பெயர்தான் வேண்டுமாம்.

"அம்மா... இங்க ரொம்பக் குளுருது. எம் பேர வெப்பீங்களா?"

பதில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"வெக்கிறேன் மகனே. விமானத்தக் கொண்டாந்துடு."

கர்ர்ர்... பிறகு ஒன்றுமில்லை.

1:21. தூரத்தில் இரைச்சல்.

1:26. சக்கரம் தரையைத் தொட்டது.

வெளியே காற்றே இல்லை.

விமானி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"எந்த ஊரு இது?" என்றார்.

நான் இறங்கிய நேரத்தை ஏட்டில் எழுதினேன்: 1:26.

லீட்டியா பிழைத்தாள். ஆண் குழந்தை. அவள் கண் விழிப்பதற்குள் நானே கில்லாக் என்று பெயர் கொடுத்துவிட்டேன். சொன்ன சொல் தவற எனக்குப் பயம்.

பத்து நாள் கழித்துத்தான் சீலாசியிடம் கேட்டேன். அதுவரை கேட்க மனம் வரவில்லை.

"அன்னிக்கு அந்த விமானம் எத்தன மணிக்குடா கிளம்புச்சு?"

காகிதம் புரளும் சத்தம்...

"வாசல்ல நின்னு என் கண்ணாலயே பாத்தேங்க்கா, மேல ஏறுனத. எழுதியும் வெச்சிருக்கேன். 1:31."