இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடும் மடிக்கணினி

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் இன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தீவுக்கு டிக்கெட் கொடுக்கும் அக்கா, வலது கையால் பெயர்களை எழுதிக்கொண்டே, இடது கை விரலால் மடிக்கணினியின் டச்பேடை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏன்கா அதத் தடவிக்கிட்டே இருக்கீங்க?” என்றேன்.

“இங்க பிளக் இல்ல தம்பி, பேட்டரியிலதான் ஓடுது. போன அப்டேட்டுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் தொடலன்னா தூங்கிடுது. திரும்ப பாஸ்வேர்ட் போடுறதுக்குள்ள கியூல கத்துறாங்க லா. எவன் செஞ்ச வேலையோ!”

எட்டித் திரையைப் பார்த்தேன். வார இறுதிகளில் நான் சம்பளமில்லாமல் நிரல் எழுதிக் கொடுக்கும் அதே திறமூல இயங்குதளம். பேட்டரியை மிச்சப்படுத்த அந்த இரண்டு நிமிடத்தை வைத்தவன் நான். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள்.



“அக்கா... அது நான்தான்.”

அவர் விரல் அப்படியே நின்றது.

“நீங்களா? அலமாக், கடவுளே!”

“பேட்டரி மிச்சமாகும்னு...”

“பேட்டரி மிச்சம்தான் லா. என் விரல்தான் தேஞ்சு போச்சு!”

செட்டிங்கை அங்கேயே மாற்றிக் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் அதற்கும் கத்தினார்கள்.

சரி, அடுத்த அப்டேட்டில் எல்லோருக்கும் எத்தனை நிமிடம் வைக்கலாம்? இந்த முறை, இதைப் படிக்கும் உங்களைக் கேட்டுவிட்டே நிரல் எழுதுகிறேன்.